ஒரே பட்டியல், இரு கணினிகள்: விழிஞ்ஞத்தில் ஒரு மாதச் சோதனை

விழிஞ்ஞத்தில் என் சித்தியின் இரு மகன்களுக்கிடையே மூன்று மாதங்களாகப் பேச்சில்லை. காரணம் ஒரு கிராபிக்ஸ் கார்டு. துறை நண்பர்கள் சிலரிடம் இதை வாய்மொழியாகச் சொன்னபோது, புள்ளியியல் வகுப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படும், எழுதிவிடு என்றார்கள். எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

மூத்தவன் திருமணத்திற்குப் பின் முக்கோலையில் வாடகை வீட்டில் இருக்கிறான். இளையவன் பெற்றோருடன் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய வீட்டில். கடற்கரை ஊர்களில் பல, தென்மேற்குப் பருவமழையில் முடங்கும். விழிஞ்ஞத்திலோ அதுவே பெரிய பருவம். பாதுகாப்பான துறைமுகம் என்பதால் சுற்றுவட்டாரத்து வள்ளங்கள் எல்லாம் இங்கே வந்து சேரும். அந்தப் பருவத்துச் சம்பாத்தியத்தில் மூத்தவன் முதலில் ஒரு கணினி வாங்கினான். ஆறு மாதம் கழித்து, சித்தி தன் வளையல் ஒன்றை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து, இளையவனுக்கு அதே போன்றதொன்று வாங்கினார்கள். 'அதே போன்றது' என்பது சித்தப்பா கடைக்காரரிடம் சொன்ன சொல். விலைப்பட்டியலும் அப்படியே சொல்லிற்று: ரைசன் 5 5600 செயலி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 நினைவகம், ஒரு எஸ்எஸ்டி. வாங்கிய கடைகள் வேறு, வரிகள் ஒன்றே.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் மூத்தவனுடைய திரையின் மூலையில் நொடிக்கு 210 ஃபிரேம் என்று காட்டியது. இளையவனுடையதில் 125. கடையில் கேட்டதற்குப் பழுது ஒன்றுமில்லை என்றார்கள், விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினார்கள், எண் அசையவில்லை. அப்போதுதான் இளையவனுக்கு ஒரு நினைவு வந்தது. கணினி வாங்கிய அன்று, மென்பொருள் நிறுவுவதற்காக மூத்தவன் அதைத் தன் வீட்டிற்கு எடுத்துச் சென்று இரண்டு நாள் வைத்திருந்தான். திரும்பி வந்த பெட்டியில் கார்டின் ஒட்டுச்சீட்டு ஒன்று ஓரம் கிழிந்திருந்தது. நல்ல கார்டை எடுத்துக்கொண்டு தன் பழைய கார்டை மாட்டிவிட்டான் என்பது குற்றச்சாட்டு. கார்டின் வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும் வழக்கு. ஆனால் இளையவனின் பட்டியலில் வரிசை எண் எழுதப்படவே இல்லை. கோயில் திருவிழாவுக்கு இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட வந்து தனித்தனி நேரத்தில் சாப்பிட்டுப் போனார்கள் என்று சித்தி தொலைபேசியில் சொன்னபோது, நான் போகாமலிருக்க முடியவில்லை.

"அண்ணே, நீங்க கணக்கு படிச்சவங்கதானே, கண்டுபிடிங்க" என்றான் இளையவன். புள்ளியியல் ஆய்வாளனுக்கு ஊரில் கிடைக்கும் வேலைகள் இத்தகையவை. ஆனால் அவன் கேட்டது சரியான ஆளிடம்தான் என்று பிறகு தோன்றிற்று. இது கணினிச் சிக்கல் என்பதைவிட ஒப்பீட்டுச் சிக்கல்.

முதலில் எதை அளக்கிறோம் என்பது. ஃபிரேம் வீதம் என்பது ஒரு நொடியில் கணினி வரைந்து முடிக்கும் படங்களின் எண்ணிக்கை. 60 என்றால் ஒவ்வொரு படத்திற்கும் சராசரி 16.7 மில்லிநொடி, 144 என்றால் 6.9. இந்தத் தலைகீழ் உறவு கண்ணை ஏமாற்றும். ஒரு கணினி எல்லாப் படங்களையும் சரியாக 10 மில்லிநொடியில் வரைகிறது. மற்றொன்று ஒரு படத்தை 2 மில்லிநொடியிலும் அடுத்ததை 18 மில்லிநொடியிலும் மாறி மாறி வரைகிறது. இரண்டுக்கும் சராசரி 100தான். முதலாவது வழுக்கிச் செல்லும். இரண்டாவது தடுக்கித் தடுக்கிப் போகும். ஆகவே சராசரியோடு, மிக மெதுவான ஒரு விழுக்காட்டுப் படங்களை மட்டும் தனியே கணக்கிட்ட எண்ணையும் குறித்தோம். அந்த எண்ணில் மூத்தவனுடையது 120ஐ ஒட்டியும் இளையவனுடையது 58ஐ ஒட்டியும் நின்றன. இளையவன் 'மெதுவா இருக்கு' என்று சொல்லவில்லை, 'வெட்டுது' என்றுதான் எப்போதும் சொன்னான். அவன் சொல் அளவீட்டைவிட முந்திக்கொண்டது.

விழிஞ்ஞத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க எளிய வழி உண்டு. துறைமுக அலைத்தடுப்பையொட்டி சென்னை ஐஐடி 1991இல் நிறுவிய அலைமின் நிலையத்தைச் சித்தப்பாவின் தலைமுறை முழுதும் அறியும். கான்கிரீட் அறைக்குள் அலை ஏறும்போது காற்று வெளியே தள்ளப்படும். இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் விசையாழி அதன் மேல் இருந்தது. திறன் 150 கிலோவாட் என்று குறித்திருந்தார்கள். ஆனால் அலை ஒவ்வொன்றுக்கும் மின்திறன் எகிறும், அடுத்த கணம் அடங்கும். ஆண்டுச் சராசரி ஒன்று. அந்தந்த நொடியில் கம்பியில் வருவது வேறொன்று. அந்த ஏற்ற இறக்கத்தை என்ன செய்வது என்பதே அங்கே பொறியாளர்களுக்குப் பெரும்பாடு. சித்தப்பாவுக்கு இதைச் சொன்னதும் ஃபிரேம் விவகாரம் விளங்கிவிட்டது. மகன்களுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

அடுத்தது, எல்லாவற்றையும் சமமாக்குவது. இரண்டு கணினிகளையும் சித்தி வீட்டு முன்னறையில் ஒரே மேசையில் வைத்தோம். திரைத் துல்லியம், காட்சித் தர அமைப்புகள், கார்டின் டிரைவர் பதிப்பு, விண்டோஸின் மின்திறன் திட்டம், பின்னணியில் ஓடும் நிரல்கள் எல்லாம் ஒன்றாக்கப்பட்டன. விளையாடிப் பார்ப்பது சோதனையாகாது; எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே ஒரே பாதையில் ஒரே நேரம் ஓடும் சோதனைக் காட்சியைத் தேர்ந்தோம். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஷேடர் எனப்படும் வரைநிரல்களைக் கணினி முதல் முறைதான் தொகுக்கும், அந்த ஓட்டம் எப்போதும் மோசமாகவே வரும். ஓட்டங்களின் வரிசையையும் மூத்தவன், இளையவன், இளையவன், மூத்தவன் என்று மாற்றி அமைத்தோம். அறை சூடாகிக்கொண்டே போனால் அதன் பாதிப்பு இருவர் மீதும் ஏறத்தாழ ஒரே அளவில் விழ வேண்டும் அல்லவா. இந்த ஒழுங்கெல்லாம் இல்லாமலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்று கணினித் துறை நண்பர் ஒருவர் சிரித்தார். கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர், ஒருவரையொருவர் நம்பாதவர்கள். சந்தேகத்திற்கு இடம் வைக்காத முறை தேவைப்பட்டது.

இணையத்தில் இத்தகைய புகார்களுக்கு முதலில் சொல்லப்படும் காரணம், மானிட்டர் கம்பியைக் கார்டில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகிவிடுவது. இங்கே அது நடந்திருக்க வழியில்லை. 5600 செயலியில் உள்ளமைந்த வரைகலை இல்லை. தவறான இடத்தில் செருகினால் திரையே எழாது. மின்னழுத்தம் குறைவு, ஸ்டெபிலைசர் வை என்றார் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன். கணினியின் மின்வழங்கி உள்ளே வரும் மின்னழுத்தத்தின் சிறு ஏற்றத்தாழ்வுகளைத் தானே சரிசெய்து 12 வோல்ட்டாகக் கொடுக்கிறது. போதவில்லை என்றால் அணைந்துவிடும், பாதி வேகத்தில் ஓடாது. ஒரே மேசையில் ஒரே மின்பலகையில் இரண்டும் ஓடியதால் அந்த வாதம் தானாகவே விழுந்தது.

இனி வழக்கின் மையம். இரண்டு கார்டுகளையும் கழற்றி இடம் மாற்றினோம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் தம் தர்க்க நூலில் வகுத்த வேறுபாட்டு முறை இதுதான்: மற்றெல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்றை மட்டும் மாற்று. மூத்தவனின் கணினியில் இளையவனின் கார்டு: 208. இளையவனின் கணினியில் மூத்தவனின் கார்டு: 127. வேகம் கார்டோடு போகவில்லை, பெட்டியிலேயே தங்கிவிட்டது.

மூத்தவன் எழுந்து நின்று தம்பியைப் பார்த்தான். இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. கார்டை மாற்றினானா இல்லையா என்பதை இச்சோதனை சொல்லவில்லை. மாற்றியிருந்தாலும் எந்த வேறுபாடும் வந்திருக்காது என்பதை மட்டுமே சொல்கிறது. மூத்தவனுக்கு இந்தத் துல்லியம் பிடிக்கவில்லை. "அப்ப நான் எடுக்கலன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றான். இருவர் கார்டும் ஒன்றே போல ஓடுகின்றன என்றால் எடுப்பதற்குக் காரணமே இல்லையே என்றேன். அவன் முகம் முழுதும் தெளியவில்லை. ஆனால் தம்பி அடுத்த வேலைக்கு அவனிடம் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கினான். மூன்று மாதத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுவாக இருக்கலாம்.

சித்தப்பா வாசற்படியில் வலை முடிந்துகொண்டிருந்தார். "ஒரே எஞ்சின்தான் ரெண்டு வள்ளத்துல மாட்டுறோம். ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓடாது. எஞ்சினையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி மக்கா? அடியில பாசியும் சிப்பியும் எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாக்கணும்" என்றார். அவருக்கு நினைவகம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதை அவர் சொன்ன வாக்கியம் ஏறக்குறையச் சொல்லிவிட்டது.

பெட்டியைத் திறந்தபோது காரணம் கண்முன்னே நின்றது. மூத்தவனிடம் 8 ஜிபி பட்டைகள் இரண்டு. இளையவனிடம் 16 ஜிபி பட்டை ஒன்று. பட்டியலில் இரண்டும் '16 ஜிபி'. ஆனால் செயலிக்கு நினைவகத்தோடு பேச இரு வழித்தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடமும் ஒரு பரிமாற்றத்தில் 8 பைட் சுமக்கும். ஒரே பட்டை என்றால் ஒரு தடம் காலியாகவே கிடக்கும். மேலும், பட்டையின் மேல் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், எக்ஸ்எம்பி என்னும் அமைப்பைப் பயாஸில் இயக்கினால்தான் அந்த வேகம் வரும். இயக்காவிட்டால் பட்டை தன் அடிப்படை வேகத்தில் ஓடும். இளையவனுடையது 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூத்தவனுக்கு 3200ஐ 8 பைட்டாலும் இரண்டு தடங்களாலும் பெருக்கினால் நொடிக்கு 51.2 ஜிபி. இளையவனுக்கு 2133ஐ 8ஆல் மட்டும் பெருக்கினால் 17.1 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு. கொள்ளளவைப் பட்டியலில் எழுதுகிறார்கள். அகலத்தை எவரும் எழுதுவதில்லை.

பார்த்ததும் நம்பிவிடாமல் இதையும் மாற்றிப் பார்த்தோம். மூத்தவனின் இரு பட்டைகள் இளையவனின் கணினிக்குப் போனதும் 125 என்பது 165 ஆனது. எக்ஸ்எம்பியை இயக்கியதும் 190. இளையவனின் ஒற்றைப் பட்டை மூத்தவனின் கணினிக்குப் போனதும் அங்கே 210 என்பது 140க்குச் சரிந்தது. நோய் எதிர்த் திசையிலும் தொற்றிய பிறகுதான் காரணம் என்று சொல்லும் துணிவு வருகிறது. இத்தகைய வேகமான போட்டி விளையாட்டுகளில் செயலிதான் மூச்சிரைக்கும்; அதற்கு நினைவகம் ஊட்ட வேண்டும். நுணுக்கமான காட்சிகள் நிறைந்த விளையாட்டுகளை உயர் அமைப்பில் ஓட்டினால் சுமை கார்டின் மேல் விழும், அங்கே இரு கணினிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஓடின. கடைக்காரர் சோதித்துப் 'பழுதில்லை' என்றது அத்தகைய காட்சியில் என்றால், அவர் சொன்னது பொய்யல்ல.

கடையை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பெயரில் இரு வேறு பொருள்களை விற்கும் வழக்கத்தைக் கார்டுகளைத் தயாரிப்பவர்களே வளர்த்திருக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் 12 ஜிபி கார்டும் உண்டு, 8 ஜிபி கார்டும் உண்டு. நினைவகக் கொள்ளளவு மட்டும் குறைந்தது என்று எண்ணுவோம். உண்மையில் அதன் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்ற வேறுபாட்டின் அடியில் கணிப்பு அலகுகளும் 1152, 1280 என்று வேறுபட்டன. மடிக்கணினியில் வரும் 3060க்குத் தயாரிப்பாளர் விருப்பப்படி 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவும் கிடைக்கலாம். வெளியே ஒட்டப்படும் சீட்டு ஒன்றே. ஆய்வுக்கூடத்துக்கு 'ஒரே மாதிரி' மடிக்கணினிகள் பத்து வாங்க விலைப்புள்ளி கோரும் நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

190க்கும் 210க்கும் இடையே இன்னும் இருபது மீதி இருந்தது. அதைவிட விசித்திரம், இளையவனின் கணினி முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தளர்ந்தது. செயலியின் வெப்பம் 90 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தச் செயலிக்கு வகுத்த உச்ச வரம்பே அதுதான். வரம்பை எட்டியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆறு மாதம் பிந்தி வாங்கிய கணினி பழையதைவிட ஏன் சூடாக வேண்டும்?

விடை வீடுகளில் இருந்தது. முக்கோலை மேட்டில் இருக்கிறது. இந்த வீடோ அலைத்தடுப்பில் மோதும் நீர்த்துளி காற்றோடு வந்து சன்னல் கம்பியில் படியும் தொலைவில். சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கணினி ஓடும்போது உள்ளே வெப்பக் காற்று, உப்பு உலர்ந்திருக்கும். அணைத்து வைத்த இரவில் அது மீண்டும் நனையும். நாள்தோறும் நனைந்து உலரும் அந்தப் படலத்தில் தூசி ஒட்டி, குளிர்விப்பானின் அலுமினியத் தகடுகளுக்கிடையே சேறு போல் இறுகியிருந்தது. தகடுகளின் விளிம்பில் வெண்பொடி, திருகாணிகளில் துரு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் கடலோரமாக உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்து அரிமானத்தை அளந்துவந்திருக்கிறது. சித்தி வீட்டு முன்னறையில் அப்படியொரு சோதனைத் துண்டு ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சித்தப்பா சொன்ன பாசியும் சிப்பியும் இவைதாம்.

உலர் தூரிகையாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, வெப்பப் பசையை மாற்றி மாட்டினோம். வெப்பம் 74இல் நின்றது. சராசரி 203, ஒரு மணி நேரம் ஓடியும் தளரவில்லை. பெட்டியைச் சன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள்.

மென்பொருள் பக்கம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இளையவனின் விண்டோஸில் நினைவக ஒருமைப்பாடு என்னும் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தது, மூத்தவனுடையதில் இல்லை. புதிதாக நிறுவிய விண்டோஸ் 11இல் அது பொதுவாகத் தானே இயங்கும். விளையாட்டு வேகத்தை அது சற்றுக் குறைக்கக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அணைக்கும் வழியையும் சொல்லியிருக்கிறது. ஒப்பீட்டுக்காக ஒரு முறை அணைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் இயக்கச் சொன்னேன். அந்தக் கணினியில்தான் சித்தியின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது. இரண்டு மூன்று ஃபிரேமுக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம். மூத்தவனையும் இயக்கச் சொன்னேன். தலையாட்டினான், செய்திருக்க மாட்டான்.

இந்தச் சோதனை நாள்களில் எனக்கு ஓயாமல் நினைவுக்கு வந்தது 2009ஆம் ஆண்டு ஏஸ்பிளாஸ் மாநாட்டில் மிட்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி ஆகியோர் வெளியிட்ட கட்டுரை. நிரலில் எதையும் மாற்றாமல், சூழல் மாறிகளின் மொத்த நீளத்தையோ கோப்புகளை இணைக்கும் வரிசையையோ மாற்றினாலே ஓட்ட வேகம் மாறிவிடுவதை அவர்கள் காட்டினார்கள். ஒரு மேம்பாட்டு உத்தி பயன் தருகிறதா இல்லையா என்ற முடிவே இதனால் புரண்டுபோகலாம். நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் எத்தனையோ ஆய்வேடுகளில் 'ஒத்த அமைப்புடைய கணினிகளில் இயக்கப்பட்டது' என்றொரு வாக்கியம் வரும். அடியில் செயலியின் பெயரும் நினைவகத்தின் கொள்ளளவும் இருக்கும். எத்தனை பட்டைகள், எந்த வேகம், அறையின் வெப்பம் என்ன என்று எந்தப் புறத் தேர்வாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் நெறியாளரிடம் இதைச் சொன்னபோது, நம் துறையின் சர்வர் அறையில் ஏசி நின்றுபோன வாரத்தில் யார் யார் முடிவுகள் எடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். அவையில் அமைதி நிலவியது.

செலவுக் கணக்கு: இளையவனின் ஒற்றைப் பட்டைக்கு இணையாக இன்னொரு 16 ஜிபி பட்டை வாங்கினோம், அதே நிறுவனம், அதே வேகம். செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது துளைகளில் செருக வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் செருகினால் மீண்டும் ஒரே தடத்தில்தான் இரண்டும் நிற்கும். கணினியைப் பாதி விலைக்கு விற்றுவிடத் தரகரிடம் பேசி வைத்திருந்தான் இளையவன். அந்தப் பேச்சு நின்றது. பட்டையின் பணத்தில் பாதியை மூத்தவன் கொடுத்தான். கேட்டுக் கொடுக்கவில்லை. சித்தி அதை எனக்குத் தனியாக அழைத்துச் சொன்னார். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

சித்திக்கு இதிலெல்லாம் வேறொரு அக்கறையும் உண்டு. புதிய சர்வதேசத் துறைமுகத்தில் உள்ளூர்ப் பெண்கள் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, திரையைப் பார்த்தே கிரேன்களை இயக்குகிறார்கள். 'அந்தப் பிள்ளைகளும் திரையைத்தான் பார்க்குது, நீயும் திரையைத்தான் பார்க்குற' என்று இளையவனிடம் தினம் ஒரு முறை சொல்லிவிடுகிறார். அவன் விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருக்கிறான் என்று கேள்வி.

210க்கும் 203க்கும் இடையே ஏழு ஃபிரேம் மீதி இருக்கிறது. இளையவன் விடவில்லை. மீன் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் வெப்பமும் ஃபிரேமும் நாள்வாரியாக எழுதி எனக்குப் படம் அனுப்புகிறான். ஒரே அச்சில் வார்த்த சில்லுகளும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தில் அதே வேகத்தைத் தாங்கும், மற்றொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். மூன்று விழுக்காடு அதிலேயே போகலாம். தாய்ப்பலகைகள் வேறு வேறு என்பதாலும் வரலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி செயலிகளை இடம் மாற்றிப் பார்ப்பது. இந்த வகைச் செயலியின் அடியில் ஊசி போன்ற கால்கள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு, ஒன்று வளைந்தாலும் போயிற்று என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சித்தி அடுக்களையிலிருந்து வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.